பால்காரன் கல்லான மலை



மாலை வேளையில் நம் தானா ராத்தாவில் பனி இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். எதிரே நிற்கும் மலை முதலில் இடுப்பு வரை மறையும். பிறகு தோள் வரை மறையும். கடைசியில் உச்சி மட்டும் தனியாக வானத்தில் மிதப்பதுபோல் தெரியும். அந்த நேரத்தில் லயத்து வாசலில் நிற்கும் பிள்ளைகள், "அதோ பார், யானை! அதோ பார், படுத்திருக்கிற கிழவன்!" என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். மலையில் உருவம் தேடுவது மனிதனின் பழைய பழக்கம்.

பிள்ளைகளின் கற்பனைக்கு வேலையே வைக்காத மலை ஒன்று இந்த உலகத்தில் இருக்கிறது. அதன் உச்சியில் மனிதத் தலை போலவே உருண்டையான பெரும்பாறை ஒன்று உட்கார்ந்திருக்கிறது. கழுத்தும் உண்டு, தோளும் உண்டு. அந்தத் தலைக்குச் சொந்தக்காரன் ராஜாவும் அல்ல, முனிவரும் அல்ல. பால் விற்றுப் பிழைத்த ஒரு கிராமத்து ஏழை! அவனைப் பார்க்கத்தான் இன்று உங்களை அழைத்துப் போகிறேன். கம்பளிச் சட்டை வேண்டாம். நாம் போகும் ஊர் வெயில் ஊர்.

எங்கே இருக்கிறது இந்த மலை?

இந்துமாக்கடலில், ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே, மடகாஸ்கர் தீவையும் தாண்டி ஒரு சிறு தீவு இருக்கிறது. அதுதான் மொரீஷியஸ். நம் கேமரன் மலை மாவட்டத்தைப்போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு பரப்பு. அவ்வளவுதான் நாடு! நமக்குக் காலை எட்டு மணி என்றால் அங்கே விடியற்காலை நான்கு மணி.

தூரத்து ஊர்தான். ஆனால் அந்நிய ஊர் அல்ல. அந்த நாட்டு ரூபாய் நோட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள், அதில் தமிழ் எழுத்து இருக்கும். தைப்பூசக் காவடிக்கு அங்கே நாடு முழுவதும் பொது விடுமுறை. கோர் தெ கார்த் என்ற மலையின் சரிவில் முருகன் கோவில் கொண்டிருக்கிறார். நமக்குத் தேயிலைத் தோட்டம்போல அவர்களுக்குக் கரும்புத் தோட்டம். தெற்கே புவா ஷெரி என்ற இடத்தில் தேயிலையும் பயிராகிறது. அங்கே போனால் நம் ஊருக்கே வந்துவிட்டோமோ என்று தோன்றும்.

தலைநகரம் போர்ட் லூயி. அதன் துறைமுகத்தில் நின்று தீவின் உட்பக்கம் பார்த்தால், வரிசையாகக் கூர்மையான மலைகள் நிற்கும். அவற்றில் ஒன்று கட்டைவிரல்போல நிமிர்ந்திருப்பதால் அதற்குப் பிரெஞ்சு மொழியில் கட்டைவிரல் என்றே பெயர் வைத்தார்கள். அதற்கு அப்பால், தலையைச் சுமந்தபடி நிற்பதுதான் நம் மலை. பெயர் பீட்டர் போத். உயரம் சுமார் 820 மீட்டர், அதாவது ஏறக்குறைய 2,700 அடி. தீவிலேயே இரண்டாவது உயரமான மலை இது.

இந்த இடத்தில் நீங்கள் சிரித்துக்கொள்ளலாம். நம் தானா ராத்தா கடைத்தெருவே கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேல் இருக்கிறது. நாம் காய்கறி வாங்கும் இடம் அவர்களுடைய மலைத் தலைக்கும் மேலே! ஆனால் அந்த மலை கடலோரத்துச் சமவெளியிலிருந்து செங்குத்தாக எழுந்து நிற்பதால், பார்ப்பவருக்கு வானத்தையே முட்டுவதுபோல் இருக்கும்.

பால்காரன் கதை

மலையின் அடிவாரத்தில் ஒரு கிராமம். பெயர் கிரேவ் கேர். அந்தப் பிரெஞ்சுச் சொல்லுக்கு 'மனம் உடைதல்' என்று பொருள். அந்தக் கிராமத்தில் ஒரு பால்காரன் இருந்தானாம். விடியுமுன் பால் கறந்து, பாத்திரத்தில் ஊற்றிச் சுமந்துகொண்டு, மலை வழியாக நடந்து போர்ட் லூயி நகரத்துக்குப் போவான். விற்றுவிட்டு அதே வழியில் திரும்புவான். லயத்துக்குப் பின்னால் மாடு கட்டி, பெரட்டுக்குப் போகுமுன் பால் ஊற்றிவிட்டு வந்த குடும்பங்கள் நம்மிலும் உண்டு அல்லவா? அந்தக் கால்வலி நமக்குத் தெரியாததல்ல.

ஒருநாள் கடும் வெயில். களைத்துப்போன பால்காரன் மலையில் ஒரு மரத்தடியில் படுத்தான். கண் அயர்ந்துவிட்டது. எங்கிருந்தோ பாட்டுச் சத்தம் கேட்டு விழித்துப் பார்த்தால், எதிரே புல்தரையில் தேவகன்னியர்கள் கைகோத்து ஆடிக்கொண்டிருக்கிறார்கள்! மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தான். ஆனால் அவர்கள் அவனைக் கண்டுவிட்டார்கள்.

"நீ பார்த்தது பார்த்ததாக இருக்கட்டும். ஆனால் யாரிடமும் சொல்லக்கூடாது. சொன்னால் கல்லாகிவிடுவாய்" என்று எச்சரித்து அனுப்பினார்கள். அவனும் சத்தியம் செய்தான்.

வீட்டுக்கு வந்தான். சாப்பாடு இறங்கவில்லை. தூக்கம் பிடிக்கவில்லை. இப்படி ஓர் அதிசயத்தை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு மனிதன் எத்தனை நாள் இருப்பான்? கடைசியில் சொல்லிவிட்டான். ஒருவர் காதில் போட்டது ஊர் முழுவதும் பரவியது. மறுபடி அவன் பால் பாத்திரத்தோடு மலையேறியபோது தேவகன்னியர்கள் காத்திருந்தார்கள். நின்ற இடத்திலேயே கல்லாகிப்போனான். அன்று முதல் அவன் தலைதான் உச்சியில் இருக்கிறது என்று அந்தத் தீவு மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள்.

சாபத்தால் கல்லான அகலிகையின் கதை கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதாகவே தோன்றாது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அகலிகைக்கு விமோசனம் கிடைத்தது. பால்காரனுக்கு இன்னும் கிடைக்கவில்லை.

நெருப்பு செய்த வேலை

கதை இருக்கட்டும். அந்தத் தலை உண்மையில் எப்படி அங்கே வந்தது? பூமியைப் படித்தவர்கள் சொல்வதைக் கேட்போம்.

மொரீஷியஸ் தீவே எரிமலை பெற்ற பிள்ளை. ஏறக்குறைய 80, 90 லட்சம் ஆண்டுகளுக்கு முன் கடலடியிலிருந்து நெருப்புக் குழம்பு பொங்கிப் பொங்கி, அடுக்கின்மேல் அடுக்காக உறைந்து, கடலுக்கு மேலே தலை நீட்டியது. அந்தப் பழைய எரிமலை மிகப் பெரியது. பிறகு அதன் நடுப்பகுதி உள்வாங்கிச் சரிந்தது. உடைந்த பானையின் வாய்விளிம்பு மட்டும் அங்கங்கே மிஞ்சி நிற்பதுபோல, இப்போது நாம் பார்க்கும் மலை வரிசைகள் அந்த எரிமலையின் மிச்சங்கள். பீட்டர் போத் மலையும் அப்படி மிஞ்சியதுதான். பின்னாலும் சிறு எரிமலைகள் வெடித்தன. அவையும் அடங்கிப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகிவிட்டன. கியூர்பீப் என்ற நகரத்துக்குள்ளேயே ஓர் எரிமலை வாய் இருக்கிறது. இன்று அதன் கரையில் மக்கள் காலை நடை போகிறார்கள்.

அந்த நெருப்பு எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். ஊதுபத்தியைக் கீழே அசையாமல் பிடித்துக்கொண்டு, அதற்கு மேல் ஒரு காகிதத்தை மெல்ல நகர்த்திப் பாருங்கள். வரிசையாகக் கருகல் விழும். பூமியின் மேலோடு அந்தக் காகிதம்போல மிக மெதுவாக நகர்கிறது. நெருப்பு ஊற்று கீழேயே நிற்கிறது. சுமார் ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் அதே ஊற்றின் மேல் இந்தியா இருந்தது. தக்காணத்துக் கரும்பாறை அடுக்குகள் அப்போது உண்டானவை. அஜந்தா, எல்லோராக் குகைகளைக் குடைந்தது அந்தப் பாறையில்தான். பிறகு அதே ஊற்று மொரீஷியஸை உண்டாக்கியது. இன்று பக்கத்துத் தீவான ரியூனியனில் அது உயிரோடு எரிகிறது. அந்தத் தீவிலும் கரும்பு வெட்டப்போன நம் மக்களின் சந்ததியார் வாழ்கிறார்கள். நெருப்பு போன வழியெல்லாம் தமிழனும் போயிருக்கிறான்!

சரி, தலை? எரிமலைக் குழம்பு எல்லா இடத்திலும் ஒரே உறுதியோடு உறைவதில்லை. இலட்சக்கணக்கான ஆண்டுகள் மழையும் புயலும் அடிக்க, மெலிந்த பாகம் கரைந்து ஓடியது. கெட்டியான பாகம் நின்றது. சுற்றியிருந்தது எல்லாம் போன பிறகு எஞ்சியது ஒரு கழுத்தும் அதன்மேல் சுமார் பத்து மீட்டர் உயரமுள்ள ஒரு தலையும்தான். செதுக்கிய சிற்பி மழை.

நம் மலைப்பாறை வேறு சாதி. தானா ராத்தாவில் ஓடையில் கிடக்கும் ஒரு கல்லை எடுத்து உடைத்துப் பாருங்கள். வெள்ளையும் கறுப்புமாகப் புள்ளிகள் தெரியும், வெயிலில் மினுங்கும். அது கருங்கல், அதாவது கிரானைட். அதுவும் ஒருகாலத்தில் நெருப்புக் குழம்பாக இருந்ததுதான். ஆனால் வெளியே வராமல் பூமிக்குள்ளேயே மெல்ல மெல்ல ஆறியது. சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முந்திய சங்கதி அது. சர்க்கரைப் பாகை நிதானமாக ஆறவிட்டால் பெரிய பெரிய கற்கண்டு விளைவதுபோல, மெல்ல ஆறியதால் நம் கல்லில் பெரிய படிகங்கள். மொரீஷியஸ் பாறையோ வெளியே கொட்டிச் சட்டென்று ஆறியது. அதனால் கறுத்து, நெருங்கி, சில இடங்களில் ஆப்பத்தில் இருப்பதுபோலக் காற்றுப் பொத்தல்களோடு இருக்கும்.

யார் பெயர் நின்றது?

ஊர் மக்கள் பால்காரனின் மலை என்றாலும், வரைபடத்தில் இருப்பது பீட்டர் போத்தின் பெயர். யார் அவர்? டச்சுக் கம்பெனியின் கிழக்கிந்தியப் பகுதிகளுக்கு முதல் தலைமை ஆளுநராக இருந்தவர். பின்னாளில் 1641இல் நம் மலாக்காவைப் பிடித்ததும் அதே கம்பெனிதான். பதவி முடிந்து ஊருக்குத் திரும்பும் வழியில், 1615இல் மொரீஷியஸ் கடலோரத்தில் புயலில் கப்பல் உடைந்து அவர் மூழ்கி இறந்தார். அவர் பெயர் மலைக்கு நின்றது.

1832 செப்டம்பரில் கேப்டன் லாயிட் என்ற ஆங்கிலேய அதிகாரியும் அவருடைய தோழர்களும் அந்தத் தலைமேல் ஏறிக் கொடி நட்டார்கள். ஏறிய விவரத்தை அவர்களில் ஒருவர் எழுதி அச்சிலும் வந்தது. அதில் ஒரு செய்தியைக் கவனியுங்கள். ஏணி போய்ச் சேராத இடத்தில், இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, செங்குத்தான பாறை முகத்தில் பற்றிப் பற்றி முதலில் ஏறியவர் லாயிடின் கறுப்பின ஆள் ஒருவர். கைப்பிடி ஒன்று தவறினால் பாதாளம். மேலே போய்க் கயிற்றைக் கட்டிவிட்டு அவர் குரல் கொடுத்த பிறகுதான் துரைமார்கள் பின்னால் ஏறினார்கள். துரைமார்களின் பெயர்கள் எல்லாம் அந்த விவரத்தில் இருக்கின்றன. கயிறு கட்டியவரின் பெயர் மட்டும் இல்லை. அந்தத் தீவில் அடிமை முறை ஒழிந்தது 1835 பிப்ரவரி 1ஆம் தேதிதான்.

1836இல் உயிரினங்களின் வரலாற்றை ஆராய்ந்த சார்லஸ் டார்வின் அங்கே வந்தார். கட்டைவிரல் மலையில் ஏறிப் பார்த்தார். அதே லாயிட் அவரைத் தம் வீட்டுக்கு அழைத்துப்போய், திரும்பும்போது தம்முடைய யானையில் ஏற்றி அனுப்பினாராம்! அங்கே சாலை வேலை செய்துகொண்டிருந்த இந்தியக் கைதிகளையும் டார்வின் கண்டார். அவர்களுடைய கம்பீரமான தோற்றத்தை வியந்து எழுதிவைத்தார். பெயர் எழுதவில்லை.

கரும்புக் காட்டுக் கற்குவியல்

நம் மக்கள் அந்தத் தீவுக்குப் போனது இரண்டு விதமாக. 1735இல் ஆளுநராக வந்த பிரெஞ்சுக்காரர் லா பூர்தொன்னே, போர்ட் லூயி நகரத்தைக் கட்டப் புதுச்சேரிப் பக்கமிருந்து கொல்லர், தச்சர், கல்தச்சர்களை வரவழைத்தார். அவர்களில் தமிழர்கள் இருந்தார்கள். பிறகு ஆங்கிலேயர் காலத்தில், 1834 நவம்பர் 2ஆம் தேதி 'அட்லஸ்' என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து 36 கூலிகளைக் கொண்டு வந்து இறக்கியது. அது தொடக்கம். அதன்பின் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் ஒப்பந்தக் கூலிகளாக வந்து சேர்ந்தார்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்தும் ஏராளமானோர் வந்தார்கள். போர்ட் லூயியில் அவர்கள் ஏறிய கல்படிகள் இன்றும் இருக்கின்றன. ஆப்ரவாசி காட் என்று பெயர். 2006இல் அது உலகப் பாரம்பரியச் சின்னமாகியது.

படியேறியவர்களுக்கு என்ன வேலை காத்திருந்தது? கரும்பு நடவேண்டும். ஆனால் எரிமலைத் தீவில் மண் எங்கே தனியாக இருக்கிறது? தோண்டினால் கல், உழுதால் கல். நெருப்பு துப்பிய கரும்பாறைத் துண்டுகள். ஒவ்வொன்றாகப் பெயர்த்து, தூக்கி, தலையிலும் தோளிலும் சுமந்து, காட்டின் நடுவே குவித்தார்கள். கல் போன இடத்தில் கரும்பு வந்தது. சில குவியல்கள் படிப்படியாக அடுக்கிய கோபுரம்போல இருக்கும். பின்னாளில் இயந்திரங்கள் வந்து பல குவியல்களை அகற்றிவிட்டன. ஆனாலும் பச்சைக் கரும்புக்கு நடுவே கறுத்த மேடுகளாக இன்றும் பல நிற்கின்றன.

நேயர்களே, அங்கே போகிற சுற்றுலாப் பயணிகள் பீட்டர் போத் தலையைப் படம் பிடிக்கிறார்கள். அது தவறல்ல. ஆனால் படம் பிடித்துக்கொண்டு நிற்கிறவரின் முதுகுப்புறத்தில், கரும்புக் காட்டில், அதே நெருப்புக் கல்லால் ஆன வேறொரு மலை இருக்கிறது. அதை எரிமலை கட்டவில்லை. மழை செதுக்கவில்லை. கூலிக்காரனும் அவன் மனைவியும் கட்டியது. அதற்குப் பெயர்ப்பலகை கிடையாது. அந்தக் கைகளின் பெயரும் தெரியாது.

பெரியவர்களின் பெயரைத் தாங்கிய மலையில் ஒரு பால்காரனை ஏன் அந்த ஏழை மக்கள் ஏற்றி உட்கார வைத்தார்கள் என்று இப்போது புரிகிறதல்லவா? வரைபடம் எழுதும் பேனா அவர்களிடம் இல்லை. கதை சொல்லும் வாய் இருந்தது. அந்த வாயால் தங்களில் ஒருவனை உச்சிக்கு ஏற்றிவிட்டார்கள்.

தலை விழுந்தால் ஆங்கிலேய ஆட்சியும் விழும் என்றுகூட ஒருகாலத்தில் பேச்சு இருந்ததாம். 1892இல் பயங்கரப் புயல் அடித்தது, 1960இல் மறுபடியும் அடித்தது. தலை அசையவில்லை. 1968 மார்ச் 12ஆம் தேதி ஆங்கிலக் கொடி இறங்கி மொரீஷியஸ் சுதந்திரம் பெற்றது. அன்றும் தலை விழவில்லை. பால்காரன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு அப்படியே இருக்கிறான்.

நம் மலைக்குத் திரும்புவோம்

பயணம் முடிந்தது. மீண்டும் தானா ராத்தா. சமதரை என்று பொருள்படும் நம் ஊர்.

1885இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவைக்காரர் இந்த மேட்டுநிலத்தைக் கண்டு எழுதினார். மாவட்டத்துக்கே அவர் பெயர். 1929இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியவர் ரசல். அவர் பெயரும் ஏட்டில் இருக்கிறது. 1967 மார்ச் 26ஆம் தேதி, தாய்லாந்துப் பட்டு வியாபாரியான ஜிம் தாம்சன் என்ற அமெரிக்கர் இங்கே ஒரு பங்களாவிலிருந்து நடக்கப் போனவர் திரும்பவே இல்லை. அந்த மர்மத்தைப் பற்றி உலகமெங்கும் புத்தகங்கள் வந்துவிட்டன.

வந்து காணாமல் போனவரின் கதை உலகத்துக்குத் தெரியும். வந்து இங்கேயே உழைத்து, இந்த மண்ணிலேயே அடங்கிப்போன நம் ஆட்களின் கதை யாருக்குத் தெரியும்? 'ரஜுலா' கப்பலில் வந்து இறங்கியவர் யார்? காடு வெட்டிய முதல் ஆள் யார்? கால் நிற்காத சரிவில் முதல் தேயிலைக் கன்றை ஊன்றியவர் யார்? குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுக் கூடையை முதுகில் போட்டவர் யார்? இன்று மேட்டில் கொழுந்து பறிப்பவர்களில் பலர் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தோனீசியாவிலிருந்தும் வந்தவர்கள். நம் பிள்ளைகள் ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் வேலை பார்க்கிறார்கள். முன்னேற்றம்தான், மகிழ்ச்சிதான். ஆனால் லயத்துக் கதையை அறிந்த பாட்டிமார்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருகிறார்கள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த விடுமுறைக்குப் பிள்ளைகள் வீட்டுக்கு வரும்போது, தாத்தா பாட்டியின் பக்கத்தில் உட்கார வையுங்கள். எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்தக் கங்காணியின் கீழ் வந்தார்கள், முதல் பெரட்டில் பெயர் கூப்பிட்டது எந்தத் தோட்டத்தில் என்று கேட்கச் சொல்லுங்கள். ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் போதும். எழுதி வையுங்கள். எதிரே நிற்கும் மலைக்கு நம் வீட்டில் என்ன பெயர் சொன்னார்கள் என்பதையும் கேட்டு எழுதுங்கள்.

சொல்லக்கூடாததைச் சொன்னதால் அந்தப் பால்காரன் கல்லானான் என்பது கதை. நமக்குச் சாபம் எதுவும் இல்லை. சொல்லலாம். இன்று மாலை பனி இறங்குமுன் தொடங்குங்கள்.